உஸ்தாவின் கைத்துணி

“இனிமே நம்ம கடையில ஈட்டி மரப் பிடி கிடையாது. எல்லாக் கத்திக்கும் எருமைக் கொம்புதான்.”

தொழிலில் தேர்ந்தவரென்று எல்லோரும் ‘உஸ்தா’ என்று கூப்பிடுகிற பட்டறை முதலாளி ருக்னெத்தின் இதைச் சொல்லத் தேர்ந்தெடுத்த நேரம் அப்படி. குர்பானிப் பெருநாள் நெருங்குகிறது. பூர்சா நகரத்துக் கத்திக்காரத் தெருவில் மூச்சுவிட நேரமில்லை. வருகிறவர்கள் எல்லாம் ஈட்டி மரப் பிடிதான் வேண்டுமென்று கேட்கிறார்கள்.

பிடி போடுகிற நெவ்ஸாத் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தான்.

“மரம் என்ன பாவம் பண்ணிச்சு உஸ்தா?”

“மரம் ஒண்ணும் பண்ணலப்பா. தூள் பட்டா எனக்கு அரிப்பு, தடிப்பு. அலர்ஜின்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

இடது முன்கையில் முழங்கை வரை ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றியிருந்தார்.

“இத்தனை வருஷமா இந்தத் தூளை ரொட்டியோட சேர்த்துத் தின்னீங்க. இப்பதான் அரிக்க ஆரம்பிச்சுதா?”

“வயசாச்சுல்ல.”

மிச்சமிருந்த மரக்கட்டைகள் அன்றே எதிர்க்கடை ஹில்மிக்குப் போய்விட்டன. பின்னாலேயே ஒரு பெரிய ஓட்டல்காரரின் ஆர்டரும் தெருவைத் தாண்டி ஹில்மியிடம் போனது.

டீ கொண்டுவருகிற ஜாஃபர் விசாரித்தபோது நெவ்ஸாத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

“எங்க உஸ்தாவுக்கு மரத்தூள் ஒத்துக்காதாம். புதுப்பொண்ணு மேனி. நாளைக்கு இரும்பும் ஒத்துக்காதும்பாரு. அப்புறம் நாங்க அல்வாதான் விக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹில்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். உஸ்தாவுக்கும் கேட்டது. அவர் பாட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார்.

கொம்பைத் தேய்த்தால் முடி கருகுகிற நாற்றம். நெவ்ஸாத்துக்கு அதைவிட வேறொரு வருத்தம் இருந்தது. ஈட்டி மரத்தில் ரேகை பளபளக்க அவனைப்போலப் பிடி போட அந்தத் தெருவில் ஆள் இல்லை. அந்தப் பெயரையே உஸ்தா பறித்துவிட்டதாக நினைத்தான்.

ஹில்மியும் சும்மா இருக்கவில்லை.

“என்கிட்ட வந்துடு நெவ்ஸாத். தேய்க்கிற வேலை மொத்தமும் உனக்குத்தான். நான் இப்பல்லாம் மரத்துக்கிட்டயே போறதில்ல.”

இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்ததும் நெவ்ஸாத் சொல்லிவிட்டான்.

“நான் எதிர்க்கடைக்குப் போறேன் உஸ்தா. உங்க ஒருத்தர் அரிப்புக்காக நான் இந்த நாத்தத்துல கிடக்க முடியாது.”

உஸ்தாவின் முகம் செத்துப்போனது.

“வேற எங்கயாவது போயேன்ப்பா. அங்க வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“கையில இருக்கிறத முடிச்சுட்டுப் போ” என்றார்.

முடித்தான். வழக்கம்போலப் பழைய பேப்பரைக் கிழித்துக் கூர் பார்த்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அங்கே யாரும் கொடுப்பதில்லை. பலகைமேல் வைத்தான். வந்த சண்டைக்கு மேல் இனி என்ன வரப்போகிறது?

உஸ்தாவின் நினைப்பு வேறெங்கோ இருந்தது. கத்தியை எடுத்தார். அந்தத் தெருவில் கூர் பார்ப்பது இடது முன்கை முடியில்தான். பழகிய கை தானாகத் துணியை ஒதுக்கிவிட்டு, கத்தியை ஓட்டியது. முடி உதிர்ந்தது.

“நல்லா வந்திருக்கு” என்றார். அப்புறம்தான் துணி ஞாபகம் வந்தது.

கை பளிங்கு மாதிரி இருந்தது.

“ஒரு பொட்டுகூட இல்லையே உஸ்தா?”

“ஆறிடுச்சு.”

“தழும்பே இல்லாமலா? பொய்தானே? பெருநாள் யாவாரத்தக் கெடுத்துட்டு எதுக்கு இந்த வேஷம்?”

உஸ்தா குரலைத் தாழ்த்தினார்.

“குளிர்காலத்துலேர்ந்து நீ ஏம்ப்பா பேப்பர்ல கூர் பாக்கிற?”

நெவ்ஸாத்தின் கை சட்டைக் கைப் பொத்தானுக்குப் போனது.

“அப்பவே கேட்டேன். ‘என் கைக்கு என்ன, வேலைய விட்டுத் தூக்கப் பாக்கிறீங்களா’ன்னு எகிறின. நீ இருமும்போது நெஞ்சு விசிலடிச்சது என் காதுல விழாதா? மரத்தூளுக்குப் பயந்தவன்னு உன்மேல பேரு விழுந்தா இந்தத் தெருவுல எவன் வேலை குடுப்பான்? நான் கடைக்காரன். நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.”

நெவ்ஸாத் எந்நேரமும் மணிக்கட்டு வரை பூட்டியிருக்கிற சட்டைக் கையை மெல்ல அவிழ்த்தான். வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்த தோல் ஆறியிருந்தது. பூனைமுடி முளைத்திருந்தது. அரிப்பு எப்போது நின்றது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. உஸ்தாவைக் கேலி செய்வதிலேயே நாள் போயிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

உஸ்தாவின் கைத்துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

“என்ன நெவ்ஸாத், கிளம்பிட்டியா?” எதிர்வாசலில் ஹில்மி கேட்டார்.

“வரல ஹில்மி உஸ்தா.” தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னான். “எங்க உஸ்தாவுக்கு ஒண்ணும் இல்ல. மரத்தூள் ஒத்துக்காதது எனக்குத்தான். கை புண்ணாயி, மூச்சு முட்டி, சொல்ல வெக்கப்பட்டு மறைச்சு வச்சிருந்தேன். அவரு தன் தலையில போட்டுக்கிட்டாரு.”

ஜாஃபர் டீத்தட்டோடு அப்படியே நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஹில்மி தெருவைத் தாண்டி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மணிக்கட்டு வரை பூட்டியிருந்த தன் சட்டைக் கையைத் தடவிக்கொண்டே காதோரம் கேட்டார்:

“நல்ல டாக்டர் யாரையாவது தெரியுமாப்பா?”