இரண்டெழுத்து நோய்

"எந்த மடையன் இதை எழுதினது?"

இதய டாக்டர் மேஜையைத் தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் ஒரு துள்ளு துள்ளியது. நர்சுகள் அவருக்கு 'இடி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் கூட்டம். டாக்டர்கள் எழுதும் நோயின் பெயரைப் பார்த்து, நோய்ப் பட்டியலில் அதற்கான நம்பரைத் தேடிப் போடுவது அந்த அறையின் வேலை. டாக்டர்கள் அவரவர் இஷ்டத்துக்கு எழுதித் தள்ள, நம்பர்கள் தாறுமாறாக விழுந்தன. எந்த வார்த்தைக்கு எந்த நம்பர் என்று ஸ்பெஷலிஸ்டுகளே உட்கார்ந்து முடிவு செய்யட்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

இதய டாக்டர் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். பத்தே நிமிஷத்தில் கூட்டம் அவருக்குப் பிடித்துப்போனது. அடுத்தவர் தப்பைத் திருத்துவதில் இப்படியொரு சுகம் இருக்கிறது என்று இத்தனை நாள் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ரெக்கார்டு ரூம் அம்மா ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார். எழுதிய டாக்டரின் பெயர் தெரியாதபடி எல்லாவற்றிலும் காகிதம் ஒட்டியிருந்தது.

"இதுல வெறும் 'எம்.எஸ்.'னு மட்டும் இருக்கு டாக்டர். என்ன நம்பர் போடறது?"

"இதுல என்ன சந்தேகம்? இதயத்துல வால்வு சுருக்கம்."

எதிரே இருந்த நரம்பு டாக்டர் மெல்லச் செருமினார். "எங்க டிபார்ட்மென்ட்ல எம்.எஸ்.னா அது நரம்பு நோய்ங்க."

"இதை மாத்திப் போட்டதுல ஒரு பொண்ணுக்குக் கிடைச்ச வேலை கைநழுவிப் போச்சு," என்றார் அந்த அம்மா. "ஃபேக்டரியில மெஷின் வேலை. மெடிக்கல் சர்டிஃபிகேட்ல நம்பரைப் பாத்துட்டு, வேண்டாம்னுட்டாங்க. இங்கே வந்து உக்காந்து அழுதுச்சு. அப்புறம்..."

அவர் முடிப்பதற்குள்தான் மேஜை அடி வாங்கியது.

எந்த நோய்க்கு எந்த நம்பர் விழுந்தது என்று இதய டாக்டர் கேட்கவில்லை. கோபம் வந்தால் அவருக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும். காது லீவு போட்டுவிடும்.

"முழுசா எழுதினா கை தேய்ஞ்சா போயிடும்? எழுத்தைப் பாருங்க, கண்ணாடி இல்லாம இங்கேருந்தே தெரியுது, கோழி கிளறின மாதிரி! இவனெல்லாம் பரீட்சையில எப்படித் தேறினான்?"

"விடுங்க டாக்டர். வெளியில நூறு பேர் காத்துக்கிட்டு நிக்கறப்ப யாருக்கும் கை தவறும்," என்றார் நரம்பு டாக்டர்.

இதய டாக்டருக்குப் பொறி தட்டியது. ஓஹோ! இவர் எதுக்கு இப்படிப் பம்முகிறார்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்! எழுதினது சாட்சாத் இவரேதான். போன வருஷம் அத்தனை பேர் முன்னாலும் என் பேச்சில் தப்புக் கண்டுபிடித்த மகானுபாவர்!

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இதய டாக்டர் ஸ்பூனோடு தயாரானார்.

"விடறதா? ஒரு பொண்ணோட வாழ்க்கைங்க! அம்மா, எழுதிக்கோங்க. இனிமே யாரும் சுருக்கி எழுதக் கூடாது. இதை எழுதினவருக்கு மெமோ. அந்தப் பொண்ணுகிட்ட அவர் மன்னிப்பும் கேக்கணும்."

"மெமோ எல்லாம் வேண்டாமே..."

"ஏன், உங்களுக்கு எங்கே வலிக்குது?"

நரம்பு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தது. இதய டாக்டர் மட்டும் கிளம்பவில்லை. ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை தானாக வரும். அவருக்கும் வந்திருந்தது.

"அந்தச் சீட்டைக் காட்டுங்கம்மா. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். மெமோ கூட வேண்டாம்னு நானே சொல்லிடறேன். பாவம், அவரும் மனுஷன்தானே."

"வேண்டாம் டாக்டர்."

"அட, சும்மா காட்டுங்க."

அந்த அம்மா தயங்கித் தயங்கிக் காகிதத்தைப் பிரித்தார். இதய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அந்தக் கோழியை அவருக்கு நன்றாகவே தெரியும். இருபது வருஷமாக அவர் கையில்தான் கிளறிக்கொண்டிருக்கிறது.

கீழே அவருடைய கையெழுத்து. அவர் எழுதிய வால்வு சுருக்கத்துக்குத்தான் நரம்பு நோய் நம்பர் விழுந்திருந்தது.

இடி, தன் தலையிலேயே விழுந்ததை நம்ப முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தது.

"அவருக்கு... நரம்பு டாக்டருக்கு இது தெரியுமா?"

"அவர்தான் கண்டுபிடிச்சார் டாக்டர். நரம்பு நோயாமேன்னு பயந்துபோய் அந்தப் பொண்ணு அவர்கிட்டதான் வைத்தியத்துக்குப் போச்சு. நரம்புல ஒரு கோளாறும் இல்லைன்னதும் இங்கே வந்து பழைய சீட்டைத் தேடினார். பேரை மறைச்சு ஒட்டச் சொன்னதும் அவர்தான்."

இதய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணோட வேலை?"

"திரும்பக் கிடைச்சுடுச்சு. திங்கக்கிழமை சேருது. அவரே லீவு போட்டுட்டு ஃபேக்டரிக்குப் போய், வால்வு சுருக்கம் லேசானதுதான்னு உங்க ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசியிருக்கார்."

அந்த அம்மா சீட்டை மடித்து உள்ளே வைத்தார்.

"தப்பு யாரோடதுன்னு அங்கே கேட்டாங்களாம். 'என்னோடதுதான்'னு சொல்லி, அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டு வந்துட்டார்."