இடிமங்கை வரைந்தவர்

“அப்பா, ப்ளீஸ்லா! இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இடிமங்கை பேச்சையே எடுக்காதீங்க.”

சிராங்கூன் சாலையில் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழையும்போது ரக்ஷனா மறுபடியும் கெஞ்சினாள்.

“அதை வரைஞ்சது ஒரு குத்தமா?” என்றார் துரைசாமி.

“குத்தம்னு யார் சொன்னா? மாப்பிள்ளையோட அம்மாவை முதல் தடவையா பார்க்கப் போறோம். ஸ்கூல் புக்ஸுக்குப் படம் வரைஞ்சேன்னு சொல்லுங்க. அது போதும்.”

துரைசாமி தலையை ஆட்டிவிட்டு உள்ளே நடந்தார்.

முப்பது வருடங்களுக்கு முன்பு அவர் படைத்த படக்கதை நாயகி இடிமங்கை. தோ பாயோ வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் வாழும் சாதாரணக் குடும்பப் பெண். ஆபத்தென்று யார் கூப்பிட்டாலும் பறந்து போவாள். பஸ்ஸை ஒற்றைக் கையால் தூக்குவாள். பிள்ளைகள் மாதாமாதம் கடைவாசலில் காத்திருந்து வாங்கினார்கள்.

பிறகு அந்த இதழ் வந்தது. ஊரையே காப்பாற்றுகிறவள், வீட்டில் புருஷனிடம் அடி வாங்குகிறாள். கடைசிப் பக்கத்தில் தாலியைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியேறுகிறாள்.

அவ்வளவுதான், ஊரே கொதித்தது. எல்லாருக்கும் முன்னால் நின்றவர் நடராசா என்ற சங்கத் தலைவர். “இந்தப் படக்கதை குடும்பங்களைப் பிரித்துவிடும்” என்று மேடை மேடையாக முழங்கினார். கடைகள் இதழைத் திருப்பி அனுப்பின. பதிப்பாளர் கையை விரித்தார். துரைசாமி அதற்குப் பிறகு பறக்கிற பெண் யாரையும் வரையவில்லை. பாடப்புத்தகங்களில் மாமரமும் மாட்டு வண்டியும் வரைந்து காலத்தை ஓட்டினார்.

போன மாதம் ஒரு கலைக்கூடம் அந்தப் பக்கங்களைக் கண்காட்சிக்குக் கேட்டிருந்தது. செய்தி வெளியானதுமே இணையத்தில் மறுபடியும் சண்டை.

ஆனால் ரக்ஷனாவின் பயம் அதனால் அல்ல. அவள் கட்டிக்கொள்ளப் போகும் சுஜீந்திரனின் அப்பா பெயர் நடராசா. அதே நடராசா! சுஜி காட்டிய பழைய படத்தில் இருந்தது, வீட்டில் பழைய செய்தித்தாளில் அவள் பார்த்திருந்த முகம். “அப்பா இப்போ...?” என்று அவள் இழுத்தபோது, “அப்பா இல்ல. எனக்கு எல்லாமே அம்மாதான்” என்று சுஜி முடித்துவிட்டான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அப்பாவிடமும் மூச்சு விடவில்லை.

சுஜியும் அவன் அம்மா கமலாம்பிகையும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கமலாம்பிகை மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சிரிப்பு அதிகம் இல்லாத முகம். இலை போட்டு, சோறு வந்து, சாம்பார் வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

“நீங்க என்ன வேலை பார்த்தீங்க?” என்றார் கமலாம்பிகை.

“பாடப்புத்தகத்துக்குப் படம் வரைஞ்சேன்.”

“அதுக்கு முன்னாடி?”

ரக்ஷனா மேசைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தாள். துரைசாமி அவளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இடிமங்கைன்னு ஒரு படக்கதை வரைஞ்சேன்.”

கமலாம்பிகையின் கை இலையிலேயே நின்றது. “பேப்பர்ல பேரைப் பார்த்ததும் நினைச்சேன். அந்தக் கடைசி இதழும் நீங்க வரைஞ்சதுதானே?”

“ஆமா.”

“என் பிள்ளைக்கு அப்பா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அம்மா, போதும்” என்றான் சுஜி மெதுவாக.

“இரு தம்பி. இவருக்குத் தெரியணும்.” அவர் துரைசாமியை நேராகப் பார்த்தார். “நடராசா. உங்க புத்தகத்தை நிறுத்தினாரே, அந்தச் சங்கத் தலைவர்.”

அப்பாவின் முகத்தைப் பார்க்கவே ரக்ஷனாவுக்குத் துணிவு வரவில்லை.

துரைசாமி இலையை மூடிவிட்டு எழுந்தார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு என்னை மேடையில மன்னிப்பு கேட்கச் சொன்னாரு. நான் கேட்கல. அதுக்காக என் வேலையே போச்சு. இன்னிக்கு என் பொண்ணு கல்யாணம் நிக்கும்னாலும் கேட்க மாட்டேன். அந்தப் பொண்ணு வேற என்ன செஞ்சிருக்கணும்? அடி வாங்கிட்டு அங்கேயே கிடந்திருக்கணுமா?”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரக்ஷனாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். அப்பாவைக் கோபிக்கவும் அவளால் முடியவில்லை. அவர் இவ்வளவு நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

“உங்களை யாருங்க மன்னிப்பு கேட்கச் சொன்னா? உட்காருங்க.” கமலாம்பிகையின் குரல் தழைந்திருந்தது. “அவர் உங்க மேல ஏன் அப்படிப் பாய்ஞ்சாருன்னு நினைக்கிறீங்க?”

“கலாசாரம் கெட்டுப்போகுதுன்னு சொன்னாரு.”

“வெளியில அப்படித்தான் சொன்னாரு. என்னைப் பத்தி எப்படிச் சொல்லுவாரு?”

துரைசாமி புரியாமல் நின்றார். கமலாம்பிகை முதல் தடவையாகச் சிரித்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

“அந்த மனுஷன் எங்கேயோ உயிரோட நல்லாத்தான் இருக்காரு சம்பந்தி. உங்க கடைசிப் பக்கத்தைப் பார்த்த அன்னிக்கே, ரெண்டு வயசு சுஜியைத் தூக்கிக்கிட்டு நான்தான் அவர் வீட்டை விட்டு வந்துட்டேன்.”