கீழாநெல்லிச் சாறு

ஆய்வுக்கூடத்தில் அவள் அரைத்த கீழாநெல்லியில் மருந்துச் சத்தான பீனால் துளியும் இல்லை என்றது கருவி. அதே செடியைத் தோழி அரைத்தால், சத்தைக் காட்டும் நீலம் குழாயில் பளிச்சென்று ஏறியது. கையுறை போட்டுப் பார்த்தாள், கருவியை மாற்றிப் பார்த்தாள். அவள் கை பட்டது மட்டும் வெறும் தண்ணீராகவே இருந்தது.

கல்லீரல் கெட்டுக் கிடக்கும் கணவனுக்கு இத்தனை மாதமாய்ச் சாறு பிழிந்து கொடுத்தவள் அவள்தான்.

"நீயே அரைச்சுக் குடுடி. நான் தொடவே மாட்டேன்," என்று கெஞ்சினாள்.

தோழி அரைத்து, ஆஸ்பத்திரிக்கே வந்து தம்ளரை நீட்டினாள். அவன் மஞ்சள் பூத்த கண்களை மனைவி பக்கம் திருப்பினான்.

"அவளைக் குடுக்கச் சொல்லும்மா. அவ கையால குடுத்தாத்தான் எனக்கு உள்ள இறங்கும்."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.