நாலுக்கு நாலு

"உன் கணக்கை வேற யாரோ போட்டுட்டாங்களாமே! உன் ரூம்ல உட்கார்ற அக்கா போன் பண்ணாங்க."

ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஆறுதலுக்கு வாங்கிய ஐஸ்கிரீம், பாதி உருகியிருந்தது.

"ஆமாங்க, ஒரு பொண்ணும் பையனும். இன்னைக்கு ஜர்னல்ல வந்திருச்சு." பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி செய்யும் அவன் மனைவி, சமையலறையில் பாட்டு முணுமுணுத்தபடி காபி கலந்துகொண்டிருந்தாள்.

அவன் உள்ளே வந்து ஐஸ்கிரீமை மேஜையில் வைத்தான். கல்யாணமான புதிதில் சட்டைப் பொத்தான்களை மேஜையில் பரப்பி அவள்தான் விளக்கினாள். இந்தப் பக்கம் ஒரு வரிசைப் புள்ளிகள், அந்தப் பக்கம் ஒரு வரிசை. குறுக்கே கோடு போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் இங்கே எந்த நாலு புள்ளியும் அங்கே எந்த நாலு புள்ளியோடும் ஒன்று விடாமல் சேர்ந்துவிடக் கூடாது. புள்ளிகள் பெருகப் பெருகக் கோடுகள் எவ்வளவு வேகமாகப் பெருகலாம்? அந்த வேகத்தை அடுக்கு என்ற ஒரே எண்ணில் சொல்லிவிடலாம். அந்த எண்தான் யாருக்கும் பிடிபடவில்லை. ஏழு வருடமாக அவள் மண்டையை உடைத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

"அழணும்னா அழுதுடு. நான் இருக்கேன்."

"எதுக்கு அழணும்? எண் தெரிஞ்சுபோச்சுங்க! இந்த ஜென்மத்துல தெரியாதோன்னு பயந்துட்டிருந்தேன். அந்தப் பசங்களுக்குக் கோயில் கட்டலாம்."

அதிர்ச்சியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தான். மேஜையில் கிடந்த கட்டுரையைப் புரட்டினான். கடைசிப் பத்தி மட்டும்தான் அவனுக்குப் புரிந்தது. வாய்விட்டுப் படித்தான்.

"'எங்கள் நிரூபணத்திலிருந்த பெரிய ஓட்டையைச் சுட்டிக்காட்டி, அதை அடைக்கும் வழியையும் சொல்லித்தந்த பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.' யாரு இது?"

"அச்சுல போடறதுக்கு முன்னாடி, அதே கணக்குல வேலை செய்யற ஒருத்தருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வாங்க. பேரை வெளிய விட மாட்டாங்க."

"ஓட்டைன்னு திருப்பி அனுப்பிட்டுப் போக வேண்டியதுதானே? அடைக்கவும் சொல்லிக் குடுக்கணுமா? கம்முனு இருந்திருந்தா நீ முந்தியிருப்பே!"

"முந்தியிருக்கலாம்தான்."

"தர்மப்பிரபு! அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்…" அவன் முஷ்டியை மடக்கினான்.

காபியைக் கீழே வைத்துவிட்டு வந்த அவள், மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே தன் கையை வைத்தாள்.

"கிடைச்சாச்சு. என்ன பண்ணப் போறீங்க?"