கரூர் மெயில்

கரூரில் ஒரு நூற்பாலையைச் சென்னைக் கம்பெனி வாங்கியிருந்தது. ஆலையின் டொமைனுக்கு வரும் மெயில்களும் இனி சென்னை சர்வர் வழியாகவே போகவேண்டும் என்று உத்தரவு. சென்னை அலுவலகத்தில் மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான் சபாபதி. எதை மாற்றினாலும், அனுமதியில்லை என்று சர்வர் எல்லா மெயிலையும் திருப்பியடித்தது. ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் புனிதவதி மூன்று நாளும் சலிக்காமல் போனில் கூடவே இருந்தாள். கடைசியில் தவறைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"எங்க டொமைன் பேர்ல ஒரு எழுத்த உட்டுட்டீங்க சார்."

தலையில் அடித்துக்கொண்டு திருத்தினான். எல்லாருக்கும் சோதனை மெயில் அனுப்பினான்.

"எல்லாருக்கும் வந்துருச்சுங்க சார். எனக்கு மட்டும் வரலீங்க."

இன்னும் என்னடா என்று எரிச்சலோடு பார்த்தான். அப்படியொரு முகவரியே இல்லை என்றது சர்வர். முகவரிகளை உருவாக்க மனிதவளத் துறை கொடுத்திருந்த பட்டியலைத் திறந்தான். அடுத்த மாதத்திலிருந்து வேலையில் தொடர்பவர்களின் பட்டியல் அது. நாற்பத்தொரு பெயர்களையும் இரண்டு தடவை படித்தான்.

"செட்டிங்ஸ நல்லாப் பாருங்க சார்."

"பாக்கறேம்மா."

பட்டியலின் கீழே அவள் முகவரியைத் தானே சேர்த்து, மறுபடி அனுப்பினான்.

"வந்துருச்சுங்க!" என்று சிரித்தாள் புனிதவதி. "என்ன தப்புங்க சார் இருந்துச்சு?"