செம்பின் குளிர்ந்த பேச்சு

கோயில் வாசலில் இரண்டு கிடாய்கள் நின்றன. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு. அதுவரை அரிவாள் ஓங்காது. "என்ன ஆனாலும் சிலிர்க்கக் கூடாது" என்று இரண்டும் பேசி வைத்திருந்தன.

பூசாரி கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு முதல் கிடாயிடம் குனிந்தது. "எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன் தம்பி, இப்படிக் களையான முகத்தைப் பார்த்ததே இல்லை. வெயில்ல நிக்கிறீங்களே, கொஞ்சம் குளிரட்டும்."

அதட்டலை மட்டுமே கேட்டு வளர்ந்த கிடாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குலவை எழுந்தது. அரிவாள் இறங்கியது.

செம்பு அடுத்த கிடாயிடம் வந்தது. "எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன் தம்பி, இப்படிக் களையான முகத்தை..."

'பாவம், அவனிடம் சும்மா சொல்லியிருக்கிறது' என்று நினைத்த இரண்டாம் கிடாய்க்கு, முதுகு மெல்லச் சிலிர்த்தது.