மாமி வந்த விமானம்

"பொண்ணு பார்க்க வந்தா பொண்ணே வீட்டுல இல்ல. என்னடா இது?"

பாயான் பாருவில், பெண் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி பொரிந்தார் ஆசியா பீவி. கோலாலம்பூரிலிருந்து அப்போதுதான் விமானத்தில் வந்திருந்தார்.

"ஆபீஸ்ல வேலை முடியலயாம்மா. வந்துடுவா," என்றான் மகன் ஸுல்கிஃப்லி.

"அதான் சொல்றேன். வேலைய விட்டாத்தான் நிக்காஹ்."

நூர் ஃபாத்திஹா மழையில் நனைந்த துடுங்கு முக்காட்டுடன் உள்ளே வந்து ஸலாம் சொன்னாள்.

"மன்னிச்சிருங்க மாமி. ரிப்போர்ட் எழுத லேட்டாயிடுச்சு."

"நானே உயிர் பிழைச்சு வந்திருக்கேன்லா. இறங்கப்போன பிளேன் சர்ருனு திரும்ப மேல ஏறிடுச்சு. பக்கத்து சீட்டு அம்மா கையில என் நகம் பதிஞ்சிடுச்சு."

"ரன்வேயில ஒரு வேன் நின்னுச்சு மாமி."

"வேனா?"

"ரன்வேயைச் செக் பண்ணப் போனது, மழையில நின்னுபோச்சு. எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா, வெளிய வந்துட்டேன்னு டிரைவர் ரேடியோவுல சொல்லாம எந்த பிளேனும் இறங்கக் கூடாது. அவர் சொல்லல. அதான் உங்கள மேல போகச் சொன்னேன்."

"நீயா சொன்னே?"

"இவ ஏர்போர்ட் டவர்ல கன்ட்ரோலர்ம்மா," என்றான் ஸுல்கிஃப்லி மெதுவாக. "ஆபீஸ்னு சொன்னது அதைத்தான்."

ஆசியா பீவி எழுந்து வந்தார். ஃபாத்திஹாவின் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை திரும்பிப் போறேன். அன்னிக்கு நீ லீவு கீவு போட்டுடாதே."